மூன்றாவது சர்வர் சொன்ன பொய்

போன வருடம் ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு புதன்கிழமை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடி வராந்தா. மணி பன்னிரண்டு இருக்கும். பிரசவ வார்டில் இருந்த என் சித்தி மகளையும் அவள் குழந்தையையும் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஆபீசுக்கு ஓடிவிடலாம் என்று வெளியே வந்தேன். அடுத்த கால் மணி நேரத்தில் எனக்கு நடந்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முத்தியால்பேட்டையில் வீடு. ரெட்டியார்பாளையத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சர்வர் என்றால் இணையதளங்களை இயக்கும் கணினிகள். பதினாறு வருட அனுபவம். அதைவிடப் பெரியது என் வாய். ஆபீசில் யாராவது தப்பு செய்தால் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்; நான் விடமாட்டேன்.

எங்கள் ஊர் ரத்ததானக் குழு ஒன்றுக்கு நான்தான் இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். குழுவின் செயலாளர் எங்கள் தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ரத்தம் தேவைப்படுகிறவர்கள் எந்த வகை, எந்த மருத்துவமனை, என்ன எண் என்று தளத்தில் எழுதி அனுப்பினால், அந்த வகை ரத்தம் உள்ள கொடையாளர்கள் எல்லோருக்கும் உடனே குறுஞ்செய்தி போகும். செயலாளருக்கும் ஒரு நகல் போகும். வர முடிந்தவர் நோயாளியின் வீட்டாரை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசுவார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் பரவியதும் தளம் திணற ஆரம்பித்தது. ஒரே நேரத்தில் நிறையப் பேர் திறந்தால் பக்கம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். செயலாளர் தினமும் என் வண்டியை மறித்துக் குறை சொன்னார். எனக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது. எங்கள் முதலாளியிடம் கேட்டு, ஆபீசில் சும்மா கிடந்த இரண்டு பழைய கணினிகளை வாங்கினேன். முன்பு இருந்த ஒன்றோடு சேர்த்து மூன்று சர்வர். அவற்றுக்கு முன்னால் லோடு பேலன்சர் என்று ஒன்றை வைத்தேன். ஒரே கவுண்டர் இருந்த இடத்தில் மூன்று கவுண்டர் திறந்து, வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வருகிறவர்களைப் பிரித்து அனுப்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கவுண்டர் சீக்கிரம் ஆளை அனுப்பி முடிக்கிறதோ அங்கே அதிகம் பேரை அனுப்பு என்று அந்த வாசல் ஆளுக்குச் சொல்லி வைத்தேன். லோடு பேலன்சர் சில நொடிக்கு ஒரு முறை மூன்றையும் எட்டிப் பார்த்து ‘இருக்கியா’ என்று கேட்கும். ‘இருக்கேன்’ என்று பதில் வந்தால் என் திரையில் பச்சை விளக்கு எரியும்.

மூன்று பச்சை விளக்கும் எரிந்தன. தளம் பறந்தது. முன்பு அரை நிமிடம் ஆன வேலை கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. செயலாளர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசினார். நானும் ஒன்றும் அடக்கமாக இருந்துவிடவில்லை. ஒரு வாரம் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தேன்.

ஒரு நாள் காலை செயலாளர் சந்தேகமாகக் கேட்டார், கொஞ்ச நாளாகக் கோரிக்கைகள் ரொம்பக் குறைவாக வருகின்றனவே, ஏதாவது கோளாறா என்று. மழை நின்றுவிட்டது, காய்ச்சல் குறைந்துவிட்டது, ரத்தம் கேட்டு வராவிட்டால் சந்தோஷப்படாமல் ஏன் அண்ணே துக்கப்படுகிறீர்கள் என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்துவிட்டார். அன்று ஆபீசுக்குப் போய் ஒரே ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை.

இப்போது வராந்தாவுக்கு வருகிறேன்.

சுவரோரமாக, செல்போன் சார்ஜ் போடும் இடத்துக்குக் கீழே, ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். கைலி, கசங்கிய சட்டை, வெயிலில் காய்ந்து கறுத்த கை. அரியாங்குப்பத்துக்கு அப்பால் ஒரு மீனவக் கிராமம் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் தன் மகளுக்குப் பேசவேண்டும், போனைக் கொஞ்சம் கொடு என்று கேட்டார். இவர் தயங்கித் தயங்கி, போன் வந்துவிடும், லைன் பிசியாக இருக்கக்கூடாது என்று மறுத்தார். யாருக்கோ ஒரு போன் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் போனை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, இவரை ஒரு பார்வை பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா? அப்படி என்ன தம்பி அவசர போன் என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார்.

“ரத்தத்துக்கு எழுதி வச்சிருக்கேன்க்கா. ஆளுங்க கூப்புடுவாங்கன்னு போட்டிருக்குது. நேத்து சாயங்காலத்துலேருந்து இத கையிலயே வச்சிகினு இருக்கேன்.”

திரையில் இருந்தது என் தளம். நான் தேர்ந்தெடுத்த நிறம், நான் எழுதிய வாசகம். ‘உங்கள் கோரிக்கை பதிவானது. கொடையாளர்கள் விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்கள்.’

விசாரித்தேன். அறுவை சிகிச்சைக்கு ரத்தம் ஏற்பாடு செய்து வையுங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அவர் மனைவிக்கு அன்று காலை அறுவை சிகிச்சை செய்து பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏ நெகட்டிவ், எளிதில் கிடைக்காத வகை. மருத்துவமனையில் இருந்த ஒரு பையை ஏற்றிவிட்டார்கள். இன்னும் இரண்டு வேண்டும், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியிலும் கேட்டுப் பார்த்தார்களாம், அந்த வகை எங்கும் கையிருப்பு இல்லை.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏ நெகட்டிவ் கொடையாளர்கள் எங்களிடம் குறைவுதான். ஆனாலும் ஒருவர்கூடவா கூப்பிடாமல் இருப்பார்? அம்மாளிடமிருந்து போனை வாங்கி செயலாளரைக் கூப்பிட்டேன். நேற்று ஏ நெகட்டிவ் கேட்டு எந்தச் செய்தியும் வரவில்லையே என்றார். நேற்று மொத்தமே ஒன்றுதான் வந்தது, அதுவும் வேறு வகை என்றார்.

உடனே ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் தோழியைக் கூப்பிட்டு, மூன்று சர்வரிலும் இவருடைய எண்ணைத் தேடச் சொன்னேன். முதலாவதில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதைத் திறந்தவள் முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“இருக்குடி. இவரு மட்டும் இல்ல, அறுபது பேருக்கு மேல இருக்காங்க. இது இன்னும் ஒத்திகைலயே ஓடிகினு இருக்குது.”

ஒத்திகை என்பதை விளக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் சோதனைக்காக நான் ஒரு பொய்க் கோரிக்கை அனுப்ப, அது உண்மையிலேயே எல்லாக் கொடையாளர்களுக்கும் போய்விட்டது. முப்பது இளைஞர்கள் பைக்கில் ஒரு மருத்துவமனை வாசலில் வந்து இறங்க, ஏதோ அடிதடி என்று பயந்து காவலாளி கேட்டைப் பூட்டிவிட்டார். அதன் பிறகு செயலாளர் கறாராக ஒரு விதி போட்டார். புதுக் கணினி எதுவானாலும் முதலில் ஒத்திகையில்தான் ஓடவேண்டும். கோரிக்கையை வாங்கிக்கொள்ளும், பதிவானது என்று சொல்லும், ஆனால் யாருக்கும் செய்தி அனுப்பாது. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு ஒத்திகையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது சர்வரில் எடுத்தேன். மூன்றாவதில் எடுக்க மறந்துவிட்டேன். கடைசியாகச் சோதித்தபோதும் ஊர்க்காரர்கள் வரும் வாசல் வழியாக வராமல், என் மேசையிலிருந்து முதல் சர்வருக்கு நேராகப் போய்ப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அதைவிட மோசமானது அடுத்த நொடியில்தான் மண்டையில் உறைத்தது. செய்தி அனுப்பும் வேலையே இல்லாததால் மற்ற இரண்டையும்விட மூன்றாவது சர்வர்தான் வேகமாக ஆளை அனுப்பி முடித்திருக்கிறது. வேகமாக முடிக்கிறவனுக்கு அதிகம் பேரை அனுப்பு என்று சொல்லி வைத்தவள் நான்தான். ஆக, வந்தவர்களில் பெரும்பாலோரை என் லோடு பேலன்சர் பொறுக்கிப் பொறுக்கி அந்த ஒன்றுக்கே அனுப்பியிருக்கிறது. ஊரே மெச்சிய வேகம், நான் தலைகால் புரியாமல் ஆடிய வேகம், வேலையே செய்யாத ஒரு கணினியின் வேகம். பன்னிரண்டு நாளாக அதற்கும் பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. தோழி போனில் ‘இருக்கியா, இருக்கியா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது சர்வரைப் பிடுங்கிப் போடு என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிறகு செயலாளருக்குச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு, ஏ நெகட்டிவ் கொடையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே நழுவிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். ஆள் வரப்போகிறார்கள், எதற்குச் சொல்லவேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் அந்த மனிதர் இன்னும் அந்தத் திரையை அணையவிடாமல் விரலால் தொட்டுத் தொட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தம்பி, இதை நான்தான் செய்தேன், இதில் தப்பு நடந்துவிட்டது, உங்கள் கோரிக்கை யாருக்குமே போகவில்லை என்று சொன்னேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பதிவாகிவிட்டது என்று இருக்கிறதே என்று மறுபடியும் திரையைக் காட்டினார். நான் மறுபடியும் சொன்னேன். புரிந்ததும் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

“எம்மச்சானும் ஏ நெகட்டிவ்வுதான்க்கா. இருக்கட்டுமான்னு கேட்டான். ஆளு வராங்க, நீ தொழிலுக்குப் போன்னு நான்தான் அனுப்பிவுட்டேன்.”

மனைவியின் கூடப்பிறந்த தம்பி. விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டார். அவர் மட்டுமில்லை. ஊரில் பத்துப் பேர் மருத்துவமனைக்கு வந்து ரத்த வகை பார்த்துக்கொள்கிறோம் என்று முந்தின நாளே கிளம்பி நின்றிருக்கிறார்கள். எல்லோரையும் வேண்டாம் என்று இவரே நிறுத்தியிருக்கிறார். நான் எழுதிய இரண்டு வரியை நம்பி.

தளம் வெறுமனே நின்று போயிருந்தால்கூட இந்த மனிதர் நேற்றே ஊரைத் திரட்டியிருப்பார். என் தளம் அவருக்கு உதவாமல் போனதோடு நிற்கவில்லை, உதவ வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டது. பதினாறு வருடத்தில் எத்தனையோ கணினி என் கையில் நின்று போயிருக்கிறது. ஒரு கணினி ஓடியதற்காக நான் நடுங்கியது அன்றுதான்.

அதற்குள் அவர் எழுந்துவிட்டார். கரையில் இருக்கும் தன் பெரியப்பா மகனைக் கூப்பிட்டார். கடலில் செல்போன் எடுக்காது, ஆனால் படகில் வயர்லெஸ் இருக்கிறது, கரையிலும் ஒன்று இருக்கிறது. என் கையும் உதவட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கரகரவென்று சத்தம். கரையில் இருந்தவர் படகின் பெயரைச் சொல்லி நாலைந்து முறை கூப்பிட்டார். கடைசியில் ஒரு குரல் வந்தது. அக்காவுக்கு ரத்தம் வேண்டும், உடனே திரும்பு, எந்த மருத்துவமனை, எத்தனாவது மாடி என்று கரையிலிருந்து சொன்னார்கள்.

சொல்லிவிட்டார்களே, அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அவர்கள் விடவில்லை. நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல் என்றார் கரையில் இருந்தவர். படகிலிருந்து வந்த பதிலில் மாடி தப்பாக இருந்தது. இல்லை, இரண்டாவது மாடி, மறுபடி சொல் என்றார். மறுபடி சொன்னது சரியாக வந்த பிறகு, படகைத் திருப்பிவிட்டாயா என்று கேட்டு, திருப்பியாச்சு என்று காதால் கேட்ட பிறகுதான் விட்டார். கடலில் பேச்சு பாதியில் அறுந்துபோகும், அதனால் திருப்பிச் சொல்லாதவரை சொன்னதாகவே கணக்கில்லை, எங்களுக்கு இதுதான் பழக்கம் என்று இவர் எனக்கு விளக்கம் சொன்னார். என் படிப்பும் அனுபவமும் அந்த வராந்தாவில் கூசிப் போய் நின்றன.

செயலாளர் பிடித்த முதல் ஆள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். அரியாங்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். பாலத்தில் நெரிசல் என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே ரத்த வங்கிக்குள் போனார். அடுத்த ஆள்தான் கிடைக்கவில்லை. ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். இன்னொருவருக்குக் காய்ச்சல். மற்றவர் வெளியூர். நர்ஸ் இரண்டு முறை வெளியே வந்து, இன்னொருவர் எங்கே என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் இவர் படிக்கட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தப் படிக்கட்டில் எத்தனை படி என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

இரண்டரை மணிக்கு மச்சான் வந்தார். உப்புத்தண்ணீரில் நனைந்து காய்ந்த சட்டையோடு, செருப்புகூட இல்லாமல். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் ரத்த வங்கியில் உள்ளே விட மறுத்துவிட்டார்கள். கீழே ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன். அவசரத்தில் விழுங்கி விக்கியவரை மெதுவா, மெதுவா என்று இவரே முதுகில் தட்டினார். கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பரிசோதித்து, பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு இரண்டாவது பையும் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது இவர் அழவில்லை, நான்தான் அழுதேன். ஆறு மணி நேரம் முன்னால் யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக, நடு வராந்தாவில், மூக்கைச் சிந்திக்கொண்டு.

அந்த மதியம் காத்திருந்த நேரத்தில் நான் இன்னொரு வேலையும் செய்தேன். தோழி அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு, மற்ற அறுபது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இன்னும் தேவை இருந்தவர்களைச் செயலாளரிடம் சேர்த்தேன். பலருக்கு வேறு வழியில் கிடைத்திருந்தது. சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். ஒரு பெண் நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். ஒரே ஒரு எண் மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எட்டு வயதுக் குழந்தைக்கு ரத்தத் தட்டணுக்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் கூப்பிட்டேன், அடுத்த வாரம் கூப்பிட்டேன், மருத்துவமனையிலும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வேறு எங்காவது கிடைத்து, நல்லபடியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ள மட்டும்தான் முடிகிறது.

இப்போது எங்கள் தளம் முன்போல் பறப்பதில்லை. மூன்று சர்வரும் இருக்கின்றன, லோடு பேலன்சரும் இருக்கிறது. ஆனால் ‘இருக்கியா’ என்று கேட்பதோடு நிற்பதில்லை, செய்தி போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்கிறது. ஒரு கொடையாளராவது ‘பார்த்தேன்’ என்று பதில் போட்டால்தான் கேட்டவருக்குப் பதிவானது என்று காட்டும். அதுவரை ‘இன்னும் யாரிடமும் சேரவில்லை, நீங்களும் தேடுங்கள்’ என்றே திரையில் இருக்கும். இப்படி எழுதினால் நம் குழு மேல் நம்பிக்கை போய்விடாதா என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். போகட்டும் என்று செயலாளரே சொல்லிவிட்டார்.

நாலு நாள் கழித்து அவர்களைப் பார்க்கப் போனேன். மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பெண் குழந்தை. யார் இவங்க என்று கண்ணால் கேட்டவரிடம், ரத்தத்துக்கு ஓடினவங்க என்று என்னை அறிமுகப்படுத்தினார் இவர். மீதியைச் சொல்லவில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை, நானே சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தையும் கணவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். கிளம்பும்போது இவர் படிக்கட்டுவரை கூட வந்தார். என்னை எப்படித் திட்டினாலும் திட்டுங்கள் தம்பி என்றேன். அவர் சொன்னது இதுதான்.

“முடியலன்னு ஒரு வார்த்த போட்டிருந்தா போதும்க்கா. நாங்க ஓடியிருப்போம்.”

அன்று அவர் திட்டியிருந்தால் இத்தனை நாளில் எனக்கு ஆறிப்போயிருக்கும். இப்போதோ, வீட்டிலோ ஆபீசிலோ யாரிடமாவது ‘ஆயிடுச்சு, நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், என்னை நம்பி எங்கோ ஒருவர் ஓடாமல் உட்கார்ந்திருப்பாரே என்ற பயம் வந்து என்னை ஒரு கணம் நிறுத்திவிடுகிறது.